யாருக்கு எத்தனை நாள்?

கொரோனாவைப் பற்றி இனி எழுதவும் ஆளில்லை, படிக்கவும் ஆளில்லை என்று தெரியும். ஆனாலும் 2022 ஜனவரியில் எங்கள் குடியிருப்பில் மூன்று வாரம் ஓடிய ஒரு கணக்கு வழக்கை எழுதி வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாமெல்லாம் அந்தச் சமயத்தில் யாராவது ஒரு பேரனையோ பேத்தியையோ முன்னிட்டு விரல் விட்டு நாள் எண்ணியவர்கள்தானே.

எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு அம்மா இருக்கிறார். பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. வீட்டு ஹாலிலேயே ஐந்து குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார். காலை எட்டரைக்கு விட்டால் மாலை ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். என் மகள் வயிற்றுப் பேத்தி அதில் ஒருத்தி. அப்போது மூன்று வயது. மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளைக்குத் தனியார் கம்பெனியில் வேலை.

தாத்தா பாட்டி இருக்கும்போது குழந்தையை ஏன் காப்பகத்தில் விட வேண்டும் என்று கேட்பீர்கள். என் மனைவிக்கு ஆஸ்துமா. 2020 மார்ச்சிலிருந்து நாங்கள் வெளியாட்களைக் கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பேசியவர்கள். தினமும் மருத்துவமனைக்குப் போய்வரும் அம்மாவின் குழந்தை பாட்டி மடியில் உட்கார வேண்டாம் என்று மகள்தான் முடிவு செய்தாள்.

ஜனவரி 6 முதல் இரவு ஊரடங்கு, 9-ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு. அரசு ஆணையில் விளையாட்டுப் பள்ளிகளும் நர்சரிப் பள்ளிகளும் மூடப்பட வேண்டும், மழலையர் காப்பகங்களுக்கு மட்டும் விலக்கு என்று இருந்தது. எல்.கே.ஜி. குழந்தை பள்ளிக்குப் போனால் தொற்றும், காப்பகத்துக்குப் போனால் தொற்றாதா என்று ஒருவர் லிஃப்டில் கேட்டார். தொற்றும்தான். ஆனால் காப்பகத்தை மூடினால் நர்சும் போலீஸ்காரரும் வேலைக்குப் போக முடியாது. அந்த விலக்கு குழந்தைக்கானது இல்லை, அதன் அம்மாவுக்கானது. இதைச் சொன்னேன். அவர் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் டீச்சரம்மா ஐந்து வீட்டுக்கும் போன் செய்தார். "பையனுக்கு நேத்திலேருந்து காய்ச்சல். நாளைக்குக் குழந்தைங்களை அனுப்ப வேண்டாம்." அவருடைய மகன் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். திங்கட்கிழமை போய் சளி மாதிரி கொடுத்தான். செவ்வாய்க்கிழமை பாசிட்டிவ் என்று முடிவு வந்தது.

ஆக, 8-ஆம் தேதி காய்ச்சல், 10-ஆம் தேதி மாதிரி, 11-ஆம் தேதி முடிவு. இந்த மூன்று தேதியில் எதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்று ராத்திரிக்குள் எனக்குத் தெரிந்து நான்கு விதமான கணக்கு உலவியது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், வீட்டில் உள்ள எல்லோருக்கும் 14 நாள் என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார். ஒரு குழந்தையின் அப்பா 17 நாள் என்றார். 2020-இல் அவருடைய அண்ணனுக்கு அப்படித்தான் சொன்னார்களாம். இன்னொருவர் 10 என்றார். டீச்சரம்மாவின் மகனோ, "ஏழு நாள்தான் சார், டி.வி.யில சொல்லிட்டாங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னான். ஒரு உதவி எண்ணுக்கு நானே போன் செய்தேன். முதல் தடவை பேசியவர் ஏழு என்றார், இரண்டாவது தடவை பேசியவர் பதினான்கு என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

நான் அஞ்சல் துறையில் கணக்குப் பிரிவில் இருந்தவன். சுற்றறிக்கை படிப்பது என் தொழில். எங்கள் ஆபீசில் ஒரு பாலபாடம் உண்டு. புது ஆணை வந்தால் முதலில் அது எந்தப் பழைய ஆணையை ரத்து செய்கிறது என்று பார். இரண்டாவது, அது யாருக்குப் பொருந்தும் என்று பார். இந்த இரண்டையும் பார்க்காமல் நடுவிலுள்ள எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவன் தணிக்கையில் மாட்டுவான். கொரோனாவில் ஊரே நடுவிலுள்ள எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தது.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். 17 என்பது 2020 மே மாதத்து எண். லேசான தொற்றுள்ளவர் வீட்டிலேயே இருந்தால், அறிகுறி தொடங்கி 17 நாள், கடைசி 10 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அது மாறியது. 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சலில்லாமல், அதன் பிறகும் 7 நாள் வீட்டிலேயே இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தும் ஏழும் பதினேழு. ஆகவே 17 என்றவரும் 10 என்றவரும் ஒரே தாளைத்தான் ஆளுக்குப் பாதியாக நினைவில் வைத்திருந்தார்கள். பிறகு 2022 ஜனவரி 5-ஆம் தேதி வந்தது புதிய வழிகாட்டுதல். பாசிட்டிவ் என்று தெரிந்து குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. மறுபடி பரிசோதனை தேவையில்லை. எங்கள் வீட்டுக் கதை நடந்தது அது வந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில்.

இந்த மூன்றும் நோய் வந்தவருக்கான எண்கள். பதினான்கு அப்படியில்லை. அது நோய் வந்தவரோடு இருந்து, தனக்கு வருமா வராதா என்று தெரியாமல் காத்திருப்பவருக்கான எண். கிருமி உள்ளே போய் வெளியே தலைகாட்ட அதிகபட்சம் அவ்வளவு நாள் ஆகலாம் என்று முதலில் வைத்த கணக்கு. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல் இருக்கிறது, ஐசொலேஷன், குவாரன்டைன் என்று. நம் பத்திரிகைகளும் அறிவிப்புகளும் இரண்டையும் பெரும்பாலும் 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டன. நோயாளிக்கும் தனிமை, நோயில்லாதவருக்கும் தனிமை. அப்புறம் ஏன் குழப்பம் வராது? நோய் வந்த மகன் ஏழு நாளில் வெளியே வருவானாம், நோய் வராத அம்மா பதினான்கு நாள் உள்ளே இருக்க வேண்டுமாம், இது என்ன நியாயம் என்று செயலாளரே என்னிடம் கேட்டார். கேள்வியில் தப்பில்லை.

நம் ஊரில் இந்தக் குழப்பம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிந்தால் வேப்பிலை இறங்கும். எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தெருவில் எந்த வீட்டில் எத்தனையாவது தண்ணீர் என்பது தெரியும். அந்த வீட்டுக்கு மோர் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவார். 2020-இல் நாம் அடித்த தகரமும் ஒட்டிய நோட்டீசும் வேப்பிலை மாதிரி வேலை செய்யவில்லை. அந்த வீட்டைப் பார்த்துத் தெருவே மறுபக்கம் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டால் ஒழிய வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் லிஃப்ட் நோட்டீஸ் அதற்கும் ஓராண்டுக்குப் பிந்தையது.

சரி, தாள் படித்தாயிற்று. வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம் என்றால், அங்கேதான் சிக்கல். நோயாளிக்குத் தனியறை, முடிந்தால் தனிக் கழிப்பறை என்று வழிகாட்டுதல் சொல்கிறது. டீச்சரம்மா வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு பாத்ரூம். மகனைப் படுக்கையறையில் போட்டுவிட்டு அவரும் கணவரும் ஹாலில் படுத்துக்கொண்டார்கள். பாத்ரூம் மூவருக்கும் பொது. அப்படியானால் டீச்சரம்மா 'கடைசியாகத் தொடர்பில் இருந்த நாள்' எது? இன்றுதான். நாளைக்குக் கேட்டால் நாளைதான். நோயாளியின் ஏழு நாள் முடிந்த பிறகுதான் அந்த அம்மாவின் கணக்கே தொடங்கும். ஒரு படுக்கையறை வீட்டுக்கும் நாலு படுக்கையறை வீட்டுக்கும் ஒரே விதி, ஆனால் நாள் வேறு.

ஐந்து குழந்தைகளின் கணக்கு நேர்மாறாக எளிது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால், 6-ஆம் தேதி வியாழனும் 7-ஆம் தேதி வெள்ளியும் அங்கே இருந்த குழந்தைகள் எல்லோரும் தொடர்பில் இருந்தவர்கள். கடைசி நாள் 7. பதினான்கைக் கூட்டினால் 21. ஞாயிற்றுக்கிழமையே அந்த அம்மா போன் செய்ததால் திங்கட்கிழமை கணக்கில் சேரவில்லை. "வெறும் காய்ச்சலுக்கே பயந்து லீவு விட்டுட்டாங்க" என்று திங்கட்கிழமை காலையில் முணுமுணுத்த ஒரு அப்பா, செவ்வாய்க்கிழமை மாலை அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் 21 வரை அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? இதை எந்தத் தாளும் சொல்லவில்லை. அறிகுறி இல்லாத தொடர்பாளர்கள் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை, வீட்டில் தனித்திருந்து உடல்நிலையைக் கவனித்துக்கொள்ளட்டும் என்கிறது ஜனவரி 5-ஆம் தேதித் தாள். மூன்று வயதுக் குழந்தை தன் உடல்நிலையைத் தானே கவனித்துக்கொள்ளுமா?

என் மகளின் நிலைமையைச் சொல்கிறேன். அவள் வேலை செய்யும் இடத்தில் கேட்டாள். தொற்றாளருடன் நேரடித் தொடர்பில் இருந்தது குழந்தைதானே, நீ தொடர்புக்குத் தொடர்பு, அறிகுறி இல்லையென்றால் வேலைக்கு வா என்றார்கள். அதே நாள் எங்கள் குடியிருப்பின் காவலாளி, செயலாளர் சொன்னதாக, அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். தொடர்பு வீட்டு ஆள் உள்ளே வரக் கூடாதாம். ஒரே பெண், ஒரே நாள். ஓரிடத்தில் நோயாளிகளுக்கு ஊசி போட வந்தே ஆக வேண்டும், இன்னோரிடத்தில் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கக்கூட வரக் கூடாது.

மாப்பிள்ளை விடுப்பு கேட்டார். "உங்களுக்குப் பாசிட்டிவா? இல்லை. குழந்தைக்கு? இல்லை. அப்புறம் எதுக்கு ஸ்பெஷல் லீவு?" என்று கேட்டார்களாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூனில் ஓர் ஆணை வந்தது. பெற்றோருக்கோ சார்ந்திருக்கும் குடும்பத்தினருக்கோ தொற்று வந்தால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. நல்ல ஆணை. ஆனால் அதிலும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் வீட்டில் தொற்று' என்று ஒரு கட்டம் கிடையாது. பார்த்துக்கொள்பவர் குடும்பமில்லை, அலுவலகமுமில்லை. எந்தப் படிவத்திலும் அவருக்கு இடமில்லை.

என் மனைவி அன்று ராத்திரி, "குழந்தையை இங்க கொண்டு வந்து விடச் சொல்லுங்க" என்றாள்.

"உனக்கு மூச்சு விடவே கஷ்டம். அவ பதினாலு நாள் காத்திருக்க வேண்டிய குழந்தை" என்றேன்.

"அவளுக்கு ஏழா பதினாலான்னு நீங்க கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள அவ காலேஜே முடிச்சிடுவா."

சிரித்தோம். ஆனால் மூன்றாவது டோஸ் அறுபது வயதுக்கு மேற்பட்ட, கூடுதல் நோயுள்ளவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் ஆரம்பித்திருந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு 39 வாரம் ஆகியிருக்க வேண்டும். இவளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மகளிடம் இதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அவளே மறுத்துவிட்டாள். மாப்பிள்ளை சம்பளமில்லா விடுப்பில் நான்கு நாள் இருந்தார். அதன் பிறகு மகள் இரவுப் பணிக்கு மாற்றிக்கொண்டு, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி, பகல் முழுக்கக் குழந்தை என்று ஓட்டினாள். வீடியோவில் பேத்தி பேசும்போது பின்னால் அவள் உட்கார்ந்தபடியே தூங்குவது தெரியும்.

எங்களுக்காவது இரண்டு சம்பளம். காப்பகத்துக்கு வரும் ஒரு பையனின் அம்மா தி.நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண். தனியாக வளர்க்கிறாள். பொங்கல் வாரம், விடுப்பு கேட்டால் வேலையே போகும். திண்டிவனம் பக்கத்திலிருந்து தன் தாயாரைப் பஸ்ஸில் வரவழைத்தாள். அந்தப் பாட்டிக்கு எழுபது வயது, ஒரே ஒரு ஊசி போட்டவர். தொற்று வந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் வீட்டில் இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, தொற்று வந்தால் தாங்கமாட்டாத ஒருவரை ஊரிலிருந்து அழைத்து வருவது. வேறு வழி என்ன என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என்னிடமிருந்த ஆக்சிமீட்டரைக் கொடுத்து, 93-க்கு வந்தாலோ கீழே போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போகச் சொன்னேன். தெய்வாதீனமாக அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

மகனின் ஏழு நாள் 18-ஆம் தேதி முடிவதாக இருந்தது. அதற்குள் மாட்டுப் பொங்கலன்று டீச்சரம்மாவின் கணவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு. மருந்துக் கடையிலிருந்து வீட்டிலேயே பார்க்கும் கிட் ஒன்றை வரவழைத்தார்கள். இரண்டு கோடு. கிட்டில் பாசிட்டிவ் வந்தால் அது பாசிட்டிவ்தான், மறுபடி ஆர்.டி.பி.சி.ஆர். தேவையில்லை, நெகட்டிவ் வந்து காய்ச்சலும் இருந்தால்தான் மறு பரிசோதனை என்பது ஐ.சி.எம்.ஆர். சொன்னது. ஆக அவருக்கு 16-லிருந்து ஏழு, 23-ஆம் தேதி.

இப்போது செயலாளர் தரப்பு வலுத்துவிட்டது. குடியிருப்பில் காப்பகம் நடத்தவே கூடாது, நிரந்தரமாக மூட வேண்டும் என்று மூன்று வீட்டார் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் கோபம். நாளைக் கணக்குப் பார்ப்பது வேறு, சந்தர்ப்பம் பார்ப்பது வேறு. குழந்தைகள் சத்தம் பிடிக்காதவர்களுக்குக் கிருமி கை கொடுத்தது. அந்த வீட்டு வாசலில் குப்பை மூன்று நாள் எடுக்கப்படாமல் கிடந்தது. பேசி, நான்காம் நாள் எடுக்க வைத்தோம்.

ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, ஆள், அறிகுறி தெரிந்த நாள், பாசிட்டிவ் ஆன நாள், முடியும் நாள் என்று எழுதி, எந்தத் தாளில் எந்த வரி என்பதையும் குறித்து, செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் ஓய்வு பெற்ற அரசு ஊழியர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "அப்போ அந்தம்மாவுக்கே எத்தனை நாள் சார்? அவங்களுக்குத்தான் ஒண்ணும் வரலையே" என்றார். சரியான இடத்தில் விரல் வைத்தார். கணவரின் 23-லிருந்துதான் அந்த அம்மாவின் காத்திருப்பு தொடங்குகிறது என்றேன். அங்கிருந்து ஏழா, பதினாலா என்று அவர் கேட்டார். ஜனவரி 5-ஆம் தேதித் தாளின் அந்த வரியிலேயே ஓர் எண்ணைப் போட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் அன்றைக்கு அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

முடிவு டீச்சரம்மாதான் செய்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சட்டம் எதுவோ இருக்கட்டும் சார். அவருக்கு முடிஞ்சு ஒரு வாரம் எனக்கு எதுவும் வரலைன்னா திறக்கறேன். முப்பத்தொண்ணாம் தேதி திங்கக்கிழமை. அதுக்கு முன்னால யார் கேட்டாலும் மாட்டேன்" என்றார்.

மூன்று வாரம் வருமானம் இல்லை. ஒரு குழந்தைக்கு மாதம் 3,500 ரூபாய். வீட்டு வாடகை அதிலிருந்துதான். கூரியர் கம்பெனி மகனுக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடித்துவிட்டது. பெற்றோரில் மூன்று பேர் ஜனவரிக்கு முழுப் பணம் கொடுத்தோம். துணிக்கடைப் பெண்ணும் அதில் ஒருத்தி, இரண்டு தவணையாக. ஒருவர் பாதி கொடுத்தார். திங்கட்கிழமை முணுமுணுத்தவர் குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். மூன்று வீட்டார் கொடுத்த கடிதம் என்னவாயிற்று என்றால், அதில் இரண்டு வீட்டில் அந்த மாதக் கடைசியில் காய்ச்சல் வந்தது. யாரும் அதைப் பிறகு எடுத்துப் பேசவில்லை.

31-ஆம் தேதி காலையில் நான்கு குழந்தைகள் வந்தார்கள். மறுநாள் பிப்ரவரி 1 முதல் பள்ளிகளும் திறந்தன. ஒரு வாரம் கழித்து டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, இனிச் சேரும் குழந்தைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றே சொல்லுவோம், உங்கள் வீட்டில் என்றால் நீங்கள் அன்றே சொல்ல வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பது, திறக்கும் நாளை நான்தான் சொல்லுவேன் என்பது. கடைசியில் மூடியிருக்கும் நாட்களுக்குக் கட்டணம் பற்றி. பாதி என்று எழுதினேன்.

வாங்கிப் படித்துவிட்டு, "மூணுல ரெண்டு பங்குன்னு போடுங்க சார்" என்றார். அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.